சம்பந்திக்குப் போட்ட மருந்து

மேனேஜர் தனக்குக் கொரோனா வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அதற்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"காய்ச்சல் மாத்திரை!" என்று மூடிய கதவுக்குள்ளிருந்து கத்தினார். "தலைவலின்னு போனா பெட்டிக்கடையில குடுக்கற மாத்திரை. அதை எனக்கு எழுதியிருக்காங்க. நிறையத் தண்ணி வேற குடிக்கணுமாம். தண்ணி குடிங்கன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா?"

"லேசா வந்திருக்குன்னு சந்தோஷப்படுவீங்களா, அதை விட்டுட்டு..." என்றாள் வெளியே கஞ்சித் தட்டோடு நின்ற மனைவி.

லேசா! அந்த ஒரு சொல்தான் மனிதரைச் சுருக்கென்று குத்தியது. ஏனென்றால் அதே நோய் சம்பந்திக்குக் கனமாக வந்திருந்தது. கான்ட்ராக்டருக்குக் கனம், மேனேஜருக்கு லேசு. இதை எந்த மானமுள்ள சம்பந்தி தாங்குவான்?

மேனேஜர் என்பது பழைய உத்தியோகம். ஒரு பெரிய சரக்குக் கிடங்கை முப்பது வருஷம் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். வீட்டு ஆட்கள் முதல் குப்பை வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் இன்னும் மேனேஜர்தான். கான்ட்ராக்டர் வீடு கட்டிக் கொடுப்பவர். அவருடைய ஒரே மகள்தான் மேனேஜரின் மருமகள். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இரண்டு பெரிய மனிதர்களும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டே போட்டி போட்டார்கள். கான்ட்ராக்டர் பெரிய டிவி வாங்கினால் மேனேஜர் அதைவிட ஒரு சாண் பெரிதாக வாங்கினார். சோபாவில் உட்கார்ந்தால் முழுப் படமும் கண்ணுக்கு அடங்கவில்லை, கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும். பரவாயில்லை என்றார். கான்ட்ராக்டர் கண்ணில் புரை எடுத்து வெளிநாட்டு லென்ஸ் வைத்துக்கொண்டபோது, மேனேஜர் மறுவாரமே கண் டாக்டரிடம் போய், தனக்கும் புரை எடுக்கச் சொன்னார். "உங்களுக்குப் புரையே இல்லையே சார்" என்றார் அந்த டாக்டர். "சரியாப் பாருங்க" என்று மேனேஜர் அரைமணி நேரம் மல்லுக்கு நின்றார்.

நோய் வந்த கதையும் இந்த லட்சணம்தான். பேத்தியின் முதல் பிறந்தநாளில் மெழுகுவர்த்தியை எந்தத் தாத்தா ஊதுவது என்று பேச்சு வந்தது. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. குழந்தை பாட்டுக்கு வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் கன்னத்தை உப்பி, ஒரே கேக்கின் மேல் ஒன்றாக ஊதினார்கள். அன்று அந்த கேக்கின் மேல் என்னென்ன விழுந்ததோ! சில நாளில் கான்ட்ராக்டருக்குக் காய்ச்சல். மனிதர் அதைச் சட்டை செய்யாமல், காய்ச்சலோடேயே கட்டட வேலைக்குப் போய் மூச்சு வாங்க நின்றார். பிறகுதான் மேனேஜருக்குத் தொண்டை கரகரத்தது. அதிலும் இரண்டாவது ஆள்!

மேனேஜரின் சோதனை முடிவு வந்த அன்றுதான் கான்ட்ராக்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். மேனேஜரைப் பின்கட்டு அறையில் தனியாக வைத்தார்கள். மனைவியும் மருமகளும் குழந்தையும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. மகன், குழந்தையின் பிறந்தநாளன்று வெளியூரில் இருந்ததால் தப்பித்தவன். அவன் நண்பன் வீட்டில் தங்கிக்கொண்டு மாமனாருக்காக ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்கும் அலைந்தான்.

அந்தப் பின்கட்டு அறையைக் கட்டிக் கொடுத்தது கான்ட்ராக்டர்தான். அதன் கதவைப் பற்றி மேனேஜர் வருஷக் கணக்காகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். "கதவா சம்பந்தி இது? காகிதம். இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டா அந்தப் பக்கம் கேக்குது." இப்போது அந்தக் கதவே அவருக்கு வானொலி ஆகிவிட்டது. கட்டிலில் படுத்தபடியே கூடத்தில் நடப்பதையெல்லாம் கேட்டு, உள்ளேயிருந்தே அதிகாரம் செய்தார். "குக்கரை இறக்கு, எனக்கு எல்லாம் கேக்குது!" "குழந்தை முழிச்சிருச்சு பாரு, எனக்கு எல்லாம் கேக்குது!"

அப்படித்தான் ஆஸ்பத்திரி டாக்டர் மருமகளிடம் போனில் பேசியதும் கேட்டது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"இப்ப வைரஸைவிட அப்பாவோட சொந்த உடம்புதான்மா பிரச்சினை. எதிர்ப்பு சக்தி எல்லை மீறிப் போயிடுச்சு. வந்த திருடனை விரட்டறேன்னு வீட்டுச் சுவரையே இடிக்குது. நுரையீரல் பூரா வீக்கம். அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு ஆரம்பிச்சிருக்கோம். ஆக்ஸிஜன் இல்லாம முடியாதுங்கற நிலைமையில இருக்கறவங்களுக்கு அது உயிரைக் காப்பாத்தற மருந்து. பாப்போம்."

"அப்பா பொழைச்சுக்குவாரா டாக்டர்?"

"மருந்தை நிறுத்தாமக் குடுத்தா வாய்ப்பிருக்கும்மா. நடுவுல விடக் கூடாது."

மருமகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மாவை ஏற்கெனவே பறிகொடுத்தவள். அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு அப்பாதான்.

கதவுக்கு இந்தப் பக்கம் மேனேஜரின் காதில் விழுந்தது வேறு. எதிர்ப்பு சக்தி எல்லை மீறிவிட்டதாமே! அப்படியென்றால் என்ன அர்த்தம்? கான்ட்ராக்டரிடம் அது வழிகிறது, தன்னிடம் மருந்துக்கும் இல்லை என்றுதானே? அடக்க முடியாத சக்தி, அதை அடக்க உயிர் காக்கும் மருந்து. இங்கே காய்ச்சல் மாத்திரை, கஞ்சி, தண்ணீர். அவருக்கு வயிறு எரிந்தது.

உடனே டாக்டரம்மாவை வீடியோவில் கூப்பிட்டார்.

"எனக்கும் ஸ்டீராய்டு எழுதிக் குடுங்க."

"எதுக்கு சார்? உங்க ஆக்ஸிஜன் அருமையா இருக்கு. உங்க உடம்பு இப்ப நோயோட சரியாச் சண்டை போட்டுக்கிட்டிருக்கு. இந்த நேரத்துல போய் அதோட கையைக் கட்டிப் போட்டா நோய்க்குத்தான் கொண்டாட்டம். போதாக்குறைக்கு உங்களுக்கு சர்க்கரை வேற."

"சர்க்கரை சம்பந்திக்கும்தான் இருக்கு. அவருக்குக் குடுக்கறாங்களே?"

"அவருக்கு உயிர் போற கட்டம் சார். பக்கத்துலயே ஆள் நின்னு சர்க்கரையைப் பாத்து ஊசி போடறாங்க. உங்களுக்கு என்ன கஷ்டம், சொல்லுங்க."

எனக்கு மரியாதை போகிற கட்டம் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது? மேனேஜர் இரண்டு தடவை இருமிக் காட்டினார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

விடுவாரா? அவருக்கு வாக்கிங் நண்பர் ஒருவர் உண்டு. சட்டைப்பையில் எப்போதும் கலகலவென்று மாத்திரைகள் வைத்திருப்பதால் எல்லோரும் அவரை டப்பா என்பார்கள். எந்த நோய் ஊருக்குள் வருவதாகச் செய்தி வந்தாலும், நோய்க்கு முன்னால் டப்பா மருந்துக்கடையில் நிற்பார். ஸ்டீராய்டு என்ற பேச்சு அடிபட்டதுமே கடையில் இருந்ததை வாரிக்கொண்டு வந்துவிட்டார்.

"எத்தனை அட்டை வேணும் மேனேஜர்? நான் வீட்ல ஆளுக்கு ரெண்டுன்னு எடுத்து வெச்சுட்டேன். நாய்க்கும் சேத்து."

டப்பா வாசல் கேட்டில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போனார். மனைவி அதைத் துடைத்துக் கதவருகே வைத்தாள். "என்னங்க இது?" என்று கேட்டாள். "வைட்டமின்" என்றார் மேனேஜர். முப்பது வருஷம் கிடங்கை ஆண்ட வாய் அல்லவா, பொய் சொல்லும்போது கொஞ்சமும் நடுங்கவில்லை. அட்டைகளைத் தலையணை உறைக்குள் செருகிக்கொண்டார். சம்பந்திக்கு ஊசி, நமக்கு வெறும் மாத்திரை. ஆகவே ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால்தான் சமம் ஆகும் என்று கணக்குப் பண்ணி விழுங்கினார்.

அடடா, என்ன அற்புதம்! மறுநாளே காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. உடம்பு வலி பறந்தது. பசியோ பசி. கஞ்சித் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு முட்டை கேட்டார், ரொட்டி கேட்டார், அதற்கு மேல் சர்க்கரை தூவிக் கேட்டார். தூக்கம்தான் வரவில்லை. தூக்கம் எதற்கு? நாற்காலி போட்டு ஏறி ஃபேனைத் துடைத்தார். அலமாரியை இழுத்து இடம் மாற்றினார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், நோயை மன உறுதியால் வெல்வது எப்படி என்று பாகம் பாகமாகப் பேசி அனுப்பினார். தாகம் வேறு அள்ளிக்கொண்டு போயிற்று. டாக்டரம்மா தண்ணீர் குடிக்கச் சொன்னதற்குக் குடம் குடமாகக் குடித்தார், குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடந்த வண்ணம் இருந்தார்.

"சர்க்கரையைக் குத்திப் பாருங்களேன், மெஷினை வைக்கறேன்" என்றாள் மனைவி.

"நல்லா இருக்கறவனை எதுக்குடி குத்தற?"

இப்படி மனிதர் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சாயங்காலம் மகனிடமிருந்து போன் வந்தது. மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆஸ்பத்திரியில அந்த மருந்து தீந்து போச்சு. நாளைக்கு ஸ்டாக் வரலாமாம், வராமலும் போகலாமாம். இன்னிக்கு டோஸ் குடுத்தாச்சு. நாளைக்குக் காலையில டோஸுக்கு நம்மளை வெளியில வாங்கித் தரச் சொல்றாங்க. ஊசி இல்லேன்னா மாத்திரைகூடப் போதுமாம், அதே மருந்துதானாம். நான் ஊர் பூரா சுத்திட்டேன், எங்கயும் இல்ல. நீ போன் போட்டுப் பாரு."

அவள் போட்டாள். ஒவ்வொரு கடையாகப் போட்டாள். மேனேஜருக்கு எல்லாம் கேட்டது.

"இல்லைங்க." "ஸ்டாக் இல்லம்மா." "நோய் இல்லாதவங்கள்லாம் வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க, நோய்க்காரங்களுக்குத்தான் இல்ல."

ஸ்டாக் இல்லை. அந்தக் குரலை மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் மூட்டை அடுக்கியிருக்க, முன்னால் நிற்கிறவன் கண்ணைப் பார்த்து அவரே எத்தனை வருஷம் சொன்ன வார்த்தை! இன்று மூட்டை முதுகுக்குப் பின்னால் இல்லை, தலைக்கு அடியில் இருந்தது.

எடுத்துக் கொடுத்துவிடலாம். கதவைத் திறந்து கை நீட்டினால் முடிந்தது. ஆனால் இது ஏது என்று கேட்பார்களே? வைட்டமின் என்று சொன்னது என்னாவது? மன உறுதி பாகம் ஒன்று, பாகம் இரண்டு எல்லாம் என்னாவது? அதுவும் போகட்டும், நடுவில் விடக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே, கொடுத்துவிட்டால் தன் கதி? காலையில்தானே டோஸ். அதற்குள் ஆஸ்பத்திரிக்கு மருந்து லாரி வந்தாலும் வந்துவிடும். அவனும் ஒரு கான்ட்ராக்டர், நாலு பேரைத் தெரியாதா?

வெளியே மருமகள் அழ ஆரம்பித்தாள். முதலில் அடக்கி அழுதாள். பிறகு முடியவில்லை. "அத்தை, அப்பாவை நான் பாக்கக்கூட இல்லியே அத்தை. அம்மாவுக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியல. இவருக்கு மருந்து இருக்கு, இருந்தும் கிடைக்கலியே." மாமியார் அவளைத் தட்டிக்கொடுக்கும் சத்தம், குழந்தை சிணுங்கும் சத்தம், எல்லாம் அந்தக் காகிதக் கதவு வழியாக ஒன்று விடாமல் உள்ளே வந்தன.

மேனேஜர் எழுந்தார். கதவை நோக்கி இரண்டடி வைத்தார். பக்கத்துச் சுவரில் ஃபேன் ஸ்விட்ச் இருந்தது. அதைக் கடைசி வரை திருப்பினார். ஃபேன் தடதடவென்று சுற்றியது. வந்து படுத்துக்கொண்டார். அட பாவி மனுஷா! ஆனால் அதைத்தான் செய்தார்.

காலையில் லாரி வரவில்லை. அதற்குள் மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. சாதாரண யோசனையா? பாம்பும் சாகாது, கம்பும் உடையாது என்று தனக்குத் தானே மெச்சிக்கொண்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத போனில், கூடத்துக்குக் கேட்கும்படி கத்தினார்.

"யோவ், நான் மேனேஜர் பேசறேன்! என் சம்பந்தி உயிருய்யா! எங்கிருந்து எடுப்பியோ தெரியாது, இன்னும் பத்து நிமிஷத்துல என் வாசல்ல இருக்கணும்!"

பத்து நிமிஷம் கழித்துக் கொல்லைப்பக்க ஜன்னல் வழியாக வந்து சேர்ந்ததாகச் சொல்லி, கதவைக் கையளவு திறந்து ஓர் அட்டையை நீட்டினார். இன்னொன்றைத் தலையணைக்குள்ளேயே விட்டுவைத்தார்.

மாமியார் கண்ணீரோடு கும்பிட்டாள். மருமகள் அட்டையை வாங்கினாள், புரட்டிப் பார்த்தாள், ஒரு நொடி கதவையே பார்த்தாள். மகன் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றான். ஓடிப் போய் அவன் கையில் கொடுத்தாள்.

அன்றைய டோஸ் தவறாமல் கொடுத்தாயிற்று. மறுநாள் ஆஸ்பத்திரிக்கே ஸ்டாக் வந்தது. கான்ட்ராக்டரின் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது, ஆக்ஸிஜனைக் குறைத்தார்கள், ஒருநாள் அவரே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். குடும்பக் குழுவில் மேனேஜருக்கு ஒரே பாராட்டு மழை. கும்பிடும் கைப் படங்களாக வந்து குவிந்தன. கான்ட்ராக்டரே கம்மிய குரலில் பேசி அனுப்பினார்: "சம்பந்தி, உங்க உபகாரத்தை மறக்க மாட்டேன்." மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார். கடைசியில் ஜெயித்தது யார்?

ஆனால் அந்த வெற்றியைக் கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே மூச்சு இரைத்தது. கையைக் கட்டிப் போட்ட உடம்புக்குள் நோய் சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டியது. பேச்சு குழறியது. மனைவி அவர் திட்டத் திட்டக் கேட்காமல் விரலைக் குத்திப் பார்த்தாள். மெஷின் எண்ணைக் காட்டாமல், அளவுக்கு மேல் என்று எழுதிக் காட்டியது.

அதே ஆஸ்பத்திரியில்தான் இடம் கிடைத்தது. தனிமைக் கெடு முடிந்திருந்ததால் மருமகள் கவச உடையை மாட்டிக்கொண்டு கூட வந்தாள். அவளைத்தான் அனுமதித்தார்கள். கையில் சொட்டு மருந்து, மூக்கில் ஆக்ஸிஜன். இளம் டாக்டர் ஒருவர் குனிந்து கேட்டார்.

"ஐயா, ஸ்டீராய்டு ஏதாவது எடுத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க, அதை வெச்சுத்தான் வைத்தியம் பண்ணணும்."

"சத்தியமா இல்ல" என்றார் மேனேஜர். "காய்ச்சல் மாத்திரைதான். தண்ணிதான்."

"எடுத்தார் டாக்டர்" என்றாள் மருமகள். "முதல்லேர்ந்தே. ரெண்டு ரெண்டா."

பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அன்று காலை தலையணை உறையை மாற்றும்போது கிடைத்தது, இரண்டு இரண்டாகக் கிழித்த அடையாளத்தோடு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, சர்க்கரைக்கு ஊசி சொல்லப் போய்விட்டார்.

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். "என்னம்மா நீ... நாலு பேர் முன்னாடி..."

"அன்னிக்கே தெரியும் மாமா" என்றாள் அவள். கவச உடைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது, சத்தம் போடவில்லை. "நீங்க குடுத்த அட்டையில பாதி கிழிஞ்சிருந்துது. கடையிலேர்ந்து வர்ற அட்டை அப்படியா வரும்? கேட்டா நேரம் போயிடும்னு வாயை மூடிக்கிட்டு அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பறம் அத்தை உங்களைக் கும்பிட்ட கும்பிடைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்ல வாய் வரல. குடுத்ததோட விட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். நான் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா நீங்க இங்க வந்து படுத்திருக்க மாட்டீங்க. அது என் தப்பு."

"அம்மா..."

"ஆனா முந்தின நாள் நான் அழுதது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல மாமா? எல்லாம் கேக்குதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? கதவு எங்களுக்கும் அதே கதவுதான். நீங்க எழுந்து நடந்து வந்தது கேட்டுச்சு. ஏதோ ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லப் போறீங்கன்னு நெனச்சு அழுகையை நிறுத்தினேன். ஃபேனைக் கூட்டி வெச்சீங்க."

மேனேஜர் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

நர்ஸ் ஊசியோடு வந்தாள். மூச்சு இந்த அளவுக்கு இறங்கிவிட்டதால் இப்போது அந்த ஸ்டீராய்டு அவருக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. அளவாக, பக்கத்தில் நின்று சர்க்கரையைப் பார்த்து, கொடுக்க வேண்டிய விதத்தில். விஷயம் எப்படியோ கான்ட்ராக்டர் இருந்த கீழ்த்தள வார்டுக்கும் போய்விட்டிருந்தது.

"பயப்படாதீங்க சார்" என்றாள் நர்ஸ் சிரித்தபடி. "உங்க சம்பந்தி சொல்லி அனுப்பியிருக்கார். எனக்குப் போட்ட அதே மருந்தையே அவருக்கும் போடுங்க, ஒரு குறையும் வெச்சிடாதீங்கன்னார்."

ஊசி ஏறியது. மருமகள் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். போகமாட்டாள் என்று தெரிந்தது. மேனேஜருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அவர் தலைக்கு மேல் ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.